இந்தி வாத்தியார் மகனுக்கு

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. சாக்கோட்டையிலிருந்து பெண்ணின் அப்பா புதன்கிழமை வீடு பார்க்க வருகிறார், கோர்ட்டில் லீவு இல்லை, நான் வர முடியாது என்று எழுதியிருந்தாய். சரி. அதோடு நிறுத்தியிருந்தால் உன் அம்மா பாயசத்துக்கு ஜவ்வரிசி ஊறப்போடப் போயிருப்பாள். கீழே இன்னொரு பத்தி எழுதினாய். "அவர்களிடம் நீங்கள் தமிழ் வாத்தியார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் ஒன்றும் பொய் சொல்ல வேண்டாம் அப்பா. சும்மா இருந்தால் போதும்." அதை நான் உரக்கப் படித்தேன். உன் அம்மா மறுபடியும் படிக்கச் சொன்னாள். இரண்டாவது தரம் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

புதன்கிழமை போய்விட்டது. அவர் வந்தார், சாப்பிட்டார், போனார். இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று கேட்டால் இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அது ஞாயிற்றுக்கிழமை வரை உன் கையில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். உன் பக்கத்து மேசைக்காரர், டவாலி போட்ட பியூன், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். இந்த வீட்டில் மூடி வைக்க ஒன்றும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீதான் புதிதாக ஒன்றை மூடி வைத்திருக்கிறாய்.

எனக்கு இந்தி வாத்தியார் என்ற பெயர் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தவனுக்கு மறுபடி சொல்கிறேன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்து வைத்து, இந்தப் பக்கத்தில் ஒரே பெயரில் தெருவுக்கு ஐந்து பேர் இருப்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்று வாத்தியார்களுக்கு ஒரே பெயர். ஹெட்மாஸ்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்போம். அதனால் எங்களைப் பாடத்தின் பெயரால் பிரித்தார்கள். ஒருவர் கணக்கு, ஒருவர் டிராயிங், நான் இந்தி. பையன்கள் அதையும் சுருக்கிவிட்டார்கள். "டேய், கணக்கு வருதுடா" என்று ஒருத்தன் கத்தினால் வகுப்பே அடங்கும். ஆசிரியர்கள் அறையிலும் இதே பேச்சுத்தான். "சரித்திரத்துக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல்", "பூகோளத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருக்காம்." தமிழையா ஒரு நாள் வகுப்பில் பொதுப்பெயருக்கும் சிறப்புப்பெயருக்கும் உதாரணம் கேட்டிருக்கிறார். புத்தகத்தில் மரம் பொதுப்பெயர், மாமரம் சிறப்புப்பெயர் என்று இருக்கும். ஒரு பையன் எழுந்து, "வாத்தியார்ங்கிறது பொதுப்பெயருங்கய்யா, இந்தி வாத்தியார்ங்கிறது சிறப்புப்பெயரு" என்றானாம். தமிழையா என்னிடம் வந்து சொல்லிவிட்டு, அவனுக்கு முழு மார்க் போட்டதாகவும் சொன்னார்.

அன்றைக்கு நானும் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத பெயர்கள். எந்த ஊரிலும் கணக்குக் கணக்குத்தான். கணக்கு ஒழிக என்று எந்தப் பையனும் ஊர்வலம் போனதில்லை, மனசுக்குள் எல்லாரும் சொல்லியிருந்தாலும். தமிழ், இந்தி, இங்கிலீஷ் அப்படி இல்லை. அவை ஒரு கூட்டத்து மனிதர்களின் பெயர்கள். பெயர் என்று ஒன்று இருந்தால் அதற்காக அழுவார்கள், அதை அடிக்க வருவார்கள். அப்படி ஒரு பெயரை நான் மேலே போட்டுக்கொண்டு தினமும் கடைத்தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போய் வந்தேன். எனக்கு அதில் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. மானாவாரி நிலம் காய்ந்து கிடந்த காலத்தில், சாயங்கால வகுப்பில் படித்து இந்திப் பரீட்சை எழுதி வைத்திருந்தேன். தாளாளர் செட்டியாருக்கு இந்தி சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. பாஸ் பண்ணாவிட்டாலும் மேல் வகுப்புக்குப் போகலாம் என்று இருந்த பாடம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப் பையன்கள் தூங்குவார்கள். நான் எழுப்ப மாட்டேன். ஆனால் நீயும் உன் தங்கையும் சாப்பிட்ட சோறு அந்தப் பாடம் போட்டது.

அறுபத்தைந்து தை மாதத்தை நீ மறந்திருக்க மாட்டாய். எட்டாம் வகுப்பில் இருந்தாய். ஊரெல்லாம் கறுப்புக் கொடி, தார்ச்சட்டி. நம் வீட்டுச் சுவரிலும் தாரால் இந்தி ஒழிக என்று எழுதிவிட்டுப் போனார்கள். உன் அம்மா அதைச் சுரண்டப் போனபோது நான் வேண்டாம் என்றேன். அந்தப் பையன்கள் கேட்டது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எனக்குச் சோறு போடும் பாடம் என்பதற்காக, இன்னொருத்தன் மேல் அதைச் சுமத்தலாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் அவர்கள் சொன்னது நடந்துவிட்டால் என் வேலை போய்விடும். நியாயம் ஒரு பக்கமும் அடுப்பு ஒரு பக்கமும் நின்றால் மனிதன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் திறக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

திறந்த அன்று எட்டாம் வகுப்புக்குப் போனேன். சாக்பீஸை எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் பெஞ்சுகள் நகரும் சத்தம். யாரும் கத்தவில்லை. ஒவ்வொருவனாக எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள். சத்தம் அடங்கிய பிறகு திரும்பிப் பார்த்தேன். நீ மட்டும் உட்கார்ந்திருந்தாய். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாய். ஜன்னல் வழியாக எல்லாரும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ உட்கார்ந்தால் உன்னை உதைப்பார்கள், எழுந்து போனால் அப்பன் மனசு என்ன ஆகுமோ என்று நீ தவித்தது எனக்குத் தெரிந்தது. "எந்திரிச்சுப் போடா" என்றேன். நீ போகவில்லை. "போன்னு சொல்றேன்ல!" என்று அதட்டினேன். நீ அழுதுகொண்டே போனாய். காலி வகுப்பில் மணி அடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

அதைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். அன்று நீ எழுந்து போனதற்காக ஒரு நாளும் நான் உன்னைக் குறை நினைத்ததில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையை அப்பனுக்காக அடி வாங்கு என்று எவன் சொல்வான்? போகச் சொன்னதே நான்தான். ஆனால் இப்போது உனக்கு இருபத்துநான்கு வயது. உன்னை யாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை. உதைக்க யாரும் காத்திருக்கவில்லை. நீயாகவே எழுந்து வெளியே போயிருக்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அறுபத்தெட்டில் இரண்டு மொழி போதும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையில், இந்தி என்று இருந்த கட்டங்களில் எல்லாம் டிராயிங் மாஸ்டர் வெள்ளைத்தாள் ஒட்டினார். ஒட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஒட்டினார், நல்ல மனிதர். தாளாளர் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். "வாத்தியாரே, நீங்க எங்குட்டும் போக வேணாம். பாடந்தான் போகுது. வேற ஒரு பாடத்தப் பிடிச்சுக்குங்க" என்றார். பிடித்துக்கொள்ளப் பாடம் என்ன பஸ் கம்பியா? முதலில் நீதிபோதனை கொடுத்தார்கள், பிறகு தோட்டவேலை கொடுத்தார்கள், கடைசியில் பூகோளம் கொடுத்தார்கள். அந்தக் கோடை லீவில் உன் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு நீதான் எனக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் சொல்லிக்கொடுத்தாய். சாத்துக்குடியில் கோடு போட்டுக் காட்டினாய். எனக்குப் புரிந்ததும் உன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு பூகோளம் என்ற பெயரே போய்ப் புவியியல் ஆனது. சரித்திரம் வரலாறு ஆனது. பாடங்களுக்கெல்லாம் பெயர் மாறிவிட்டது, எனக்கு மாறவில்லை. இந்தி தெரியாத, இந்திப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆறாம் வகுப்புப் பொடியன், கையில் உலக உருண்டையோடு வரும் என்னைப் பார்த்து "இந்தி வர்றாருடா" என்கிறான். அவனுக்கு அது ஒரு பாஷையின் பெயர் என்றே தெரியாது. அது நான், அவ்வளவுதான்.

இப்படி ஊரே கூப்பிடுகிற ஒரு பெயரை இங்கே கோட்டையூரில் வைத்துக்கொண்டு, காரைக்குடியில் ஒரு பஸ் மாறினால் வந்துவிடும் சாக்கோட்டையில் வேறு பெயர் சொல்லியிருக்கிறாயே, நீ கோர்ட்டில்தான் வேலை பார்க்கிறாயா? உனக்கு முன்னால் எத்தனை பேர் கூண்டில் ஏறிப் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்! பெண்ணின் அப்பா அச்சகம் வைத்திருப்பவர், இந்தி எதிர்ப்புக்கு நோட்டீஸ் அச்சடித்துச் சிறைக்குப் போய் வந்தவர் என்று கேள்விப்பட்டதும் பயந்துவிட்டாய். அது புரிகிறது. மீனாள் நல்ல பெண் என்று உன் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. கைக்கு வந்தது நழுவிவிடக்கூடாது என்று பதறியிருக்கிறாய். பதறியவன் எனக்கு ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கலாம்.

உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் உன்மேல் வராதே அவளுக்கு. செவ்வாய்க்கிழமை தெரு முழுக்க வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஒரு நாள் மட்டும் இவுகள இந்தி வாத்தியார்னு கூப்புட்டுறாதீக, எம்மகன் கல்யாணக் காரியம்" என்று கெஞ்சியிருக்கிறாள். மளிகைக்கடை ராவுத்தர், "வாயில ஊறுனத ஒரு நாள்ல எங்குட்டுத் தூக்கி வைக்கிறதுத்தா?" என்றாராம். ஆனாலும் எல்லாரும் சரி என்றிருக்கிறார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. கடன்காரனை மறைக்கிற மாதிரி என்னை ஒரு தெருவே மறைத்துக்கொண்டு நின்றது.

பத்து மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டரைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, விரல் நகத்தில் மசிக்கறை. பேச்சுக் குறைவு. தாமதத்துக்குக் காரணம் சொல்லவில்லை. இலை போட்டோம். இரண்டாவது தரம் சாம்பார் ஊற்றும்போது வாசலில் பால்காரப் பாக்கியம், "இந்தி... ஐயோ, தமிழ் வாத்தியாரம்மா! பால் வாங்கிக்கங்க!" என்று கத்தினாள். உன் அம்மாவின் கையிலிருந்த கரண்டி இலையில் விழுந்தது. அவர் நிமிரவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "எந்த வகுப்புக்குத் தமிழ் எடுக்குறீக?" என்று கேட்டார்.

நீ சொன்ன மாதிரி சும்மா இருந்து பார்த்தேன், தம்பி. ஒரு கவளம் மென்று விழுங்கும் நேரம் சும்மா இருந்தேன். உன் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். உன் வாழ்க்கையை நான் கெடுக்கப் போகிறேன் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் இந்த மனிதர் நாளைக்கு இந்த வீட்டுக்குத் தன் பெண்ணை அனுப்பப்போகிறார். அவள் காலையில் கோலம் போட வெளியே வந்தால் முதலில் காதில் விழப்போவது அந்தப் பெயர்தான். "நான் தமிழ் எடுக்கலை. புவியியல் எடுக்குறேன். அதுக்கு முன்ன இந்தி எடுத்தேன். ஊருக்குள்ள எம்பேரே இந்தி வாத்தியார்தான். பையன் உங்ககிட்ட மாத்திச் சொல்லிருக்கான்" என்றேன்.

அவர் "மோர் ஊத்துங்க தங்கச்சி" என்று உன் அம்மாவிடம் கேட்டு வாங்கி, முழுக்கச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கி, தமிழ் வாத்தியார் வீடு எது என்று கேட்டிருக்கிறார். கேட்டவன் நேராகத் தமிழையா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டான். அவருக்கு மூன்றும் பெண்கள். நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறோம் என்று இவர் சொல்ல, தன் பெண்ணைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று தமிழையா வீட்டில் காபி, பலகாரம் எல்லாம் வைத்து, மூத்த பெண்ணுக்குப் புடவை மாற்றச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இரண்டு பக்கமும் தெளிந்திருக்கிறது. பாவம் தமிழையா. அந்தப் பெண்ணின் முகத்தை நான் இனி எப்படிப் பார்ப்பேன்? உன் ஒரு வார்த்தை எங்கெல்லாம் போய் இடித்திருக்கிறது பார்.

"அப்பவே தெரியும். நீங்க சொல்றீகளான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். உன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "இந்தி எடுத்தவுக வீடுன்னு கோவமா அண்ணே?" என்றாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் அச்செழுத்துக் கோத்தவன் தங்கச்சி. இந்தி ஒழிகன்னு கோத்தேன். இந்தி வாத்தியார் ஒழிகன்னு ஒரு நாளும் கோக்கலை. அவுக பொழப்பு அது, எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு அந்த நேரத்தில் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடத்தில் அதை என்னிடம் சொன்னவர் யாரும் இல்லை.

ஆனால் அவர் முடிக்கவில்லை. "எனக்கு அதுல சங்கடமில்ல. பெத்த அப்பன் பேர மாத்திச் சொன்னவன், நாளைக்கு எம்பொண்ணு அவன்கூடக் கஷ்டப்படுறப்ப, அவளையும் யாரோன்னு சொல்ல மாட்டான்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்றேன். "அத நீங்க சொல்லக்கூடாது. அவன் வரட்டும். நீங்க கூட வரவேணாம், எழுதி மட்டும் போடுங்க. கல்யாணப் பத்திரிகையில அப்பா பேருக்கு முன்னால என்ன போடணும்னு அவனே வந்து எனக்குச் சொல்லட்டும். ஞாயித்துக்கெழமை தாண்டுனா நான் வேற இடம் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது ராவுத்தர் எதிரே வந்து, மறந்துபோய், "என்ன இந்தி வாத்தியாரே, விருந்தாளியா?" என்றார். நானும் அவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்று இரவிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எனக்கு நீ மன்னிப்பு எழுதி அனுப்ப வேண்டாம். அது எனக்கு வேண்டியதில்லை. நான் உன்னை வெறுக்கவில்லை, வெறுக்கவும் முடியாது, அது உனக்கே தெரியும், தெரிந்துதான் அந்தப் பத்தியை எழுதினாய். நீ பயந்தவன், கெட்டவன் இல்லை. பயந்தவர்கள் திருந்தலாம். மீனாளை உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறு. வழியில் இங்கே இறங்காதே. உன் அம்மா தலைவாரித் திருநீறு பூசி அனுப்பினால் அந்த தைரியம் அவளுடையதாக ஆகிவிடும். நேராகச் சாக்கோட்டைக்குப் போ. கல்யாண மாசம், ஞாயிற்றுக்கிழமையும் அவருடைய அச்சகத்தில் மிஷின் ஓடும். அவர் மிஷினை நிறுத்த மாட்டார், உன்னை உட்காரவும் சொல்ல மாட்டார். உன் அப்பா யார் என்று கேட்பார். வாய்க்குள்ளேயே முனகினால் அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழாது.

கத்திச் சொல்.

அப்பா